வாடிக்கையாளர் சாட்சியத்தைச் சோதிக்கும் முறை: நுகர்வோர் மன்ற மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த மாணவ மாணவியரே, அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியப் பெருமக்களே,

நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இயங்கிவரும் குடிமக்கள் நுகர்வோர் மன்றங்களில், மிளகோடு பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்க்கவும், தராசில் அரசாங்க முத்திரை இருக்கிறதா என்று கவனிக்கவும், பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் நிகர எடையையும் காலாவதித் தேதியையும் படித்த பிறகே பணத்தை எடுத்துக் கொடுக்கவும் நீங்கள் பழகிவருகிறீர்கள். இவை கண்ணால் கண்டு கையால் தொட்டு அறியத்தக்க விஷயங்கள். ஆனால் இன்று உங்கள் வீடுகளில் பெருந்தொகை செலவாகும் பல காரியங்கள், வீட்டுச் சாமான்களை வெளியூருக்கு ஏற்றி அனுப்புவதும், மாடியில் சூரிய மின்தகடு பதிப்பதும், பிள்ளைகளைப் பயிற்சி நிலையத்தில் சேர்ப்பதும், ஒரு நிறுவனத்தின் இணையதளத்தில் ‘எங்கள் வாடிக்கையாளர்கள் என்ன சொல்கிறார்கள்’ என்ற தலைப்பின் கீழே வரிசையாக நிற்கும் ஐந்து நட்சத்திரப் புகழுரைகளைப் படித்த அளவிலேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. மிளகைச் சோதிப்பது போலவே இந்தப் புகழுரைகளையும் சோதிக்க முறை உண்டு என்பதையும், அந்த முறையை உங்கள் மன்றங்கள் கைக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதையும் தெரிவிக்கவே இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பேதத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு கருத்துரை உண்மையா பொய்யா என்பது ஒரு கேள்வி; அதை விற்பவரின் வாய்ச்சொல்லைச் சாராமல் வேறொருவர் சோதித்தறிய வழியிருக்கிறதா என்பது முற்றிலும் வேறான இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்தபடி விடை காண்பது பெரும்பாலும் இயலாது. இரண்டாவது கேள்விக்கு, பொறுமையும் அரைமணி நேர அவகாசமும் உள்ள எவரும் விடை காணலாம். நியாயஸ்தலத்தில் ஒருவர் சாட்சி சொல்ல வந்தால், அவர் யார், எந்த ஊர், சம்பவம் நடந்தபோது எங்கே இருந்தார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்யக்கூடிய நிலையில் நின்றுதான் பேசுகிறார். அந்த நிலையில் நிற்பதனால்தான் அவருடைய வார்த்தைக்குச் சாட்சியம் என்ற யோக்கியதை உண்டாகிறது. யாராலும் விசாரிக்க முடியாத இடத்திலிருந்து வரும் புகழுரை, அதை எழுதியவர் மெய்யாகவே மனம் குளிர்ந்து எழுதியிருந்தாலும், வாங்குகிறவரைப் பொறுத்தவரை விளம்பரத்துக்குள்ள மதிப்பையே பெறும். அதற்குமேல் ஒரு குன்றிமணி எடைகூட அதற்குக் கொடுக்கக் கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

‘படித்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிடும், பொய்யாக எழுதியதை நடையை வைத்தே சொல்லிவிடுவேன்’ என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த நம்பிக்கையை நேருக்கு நேர் பரீட்சித்தது. சிகாகோ நகரத்தின் 20 ஓட்டல்களைப் பற்றி உண்மையான வாடிக்கையாளர்கள் எழுதியவை என்று கொள்ளத்தக்க 400 கருத்துரைகளையும், கூலி கொடுத்து எழுதி வாங்கிய 400 போலிக் கருத்துரைகளையும் திரட்டிக்கொண்டு, அவற்றுள் ஒரு பகுதியை மூன்று பேரிடம் கொடுத்து மெய் எது, பொய் எது என்று பிரிக்கச் சொன்னார்கள். அந்த மூவரும் உங்களைப் போன்ற கல்லூரி மாணவர்களே. அவர்களுள் மிகச் சிறப்பாகப் பிரித்தவரும் நூற்றுக்கு 62 என்ற அளவிலேயே நின்றார். மற்ற இருவர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலும் கிடைத்திருக்கக்கூடிய விடைக்குச் சற்றே மேலே நின்றார்கள். அதே வேலையைச் சொற்களை எண்ணி ஆராயும் கணினி நிரல் ஒன்று ஏறக்குறைய நூற்றுக்கு 90 என்ற அளவில் சரியாகச் செய்தது. மெய்யாகத் தங்கியவர்கள் குளியலறையையும் மாடியையும் அறையின் சிறுமையையும் பற்றிப் பேசினார்கள் என்பதும், தங்காமல் எழுதியவர்கள் கணவரோடு வந்தது, தொழில் நிமித்தம் வந்தது முதலான சொந்தக் கதைகளில் அதிகம் சாய்ந்தார்கள் என்பதும் அந்த ஆய்வில் வெளிப்பட்ட சுவாரசியமான செய்திகள். ஆயினும் இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு நாம் பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கருதுவது ஆபத்து. ஏனெனில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் கேட்ட கணத்தில், கேட்ட நடையில், குளியலறைக் குழாயின் நிறம் உட்பட எழுதித் தருகிற காலம் இது. காதும் கண்ணும் கைவிடும் இடத்தில் விசாரணை ஒன்றே துணை.

அந்த விசாரணை எப்படி நடக்கும் என்பதற்கு நான் உடனிருந்து பார்த்த ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து புனேக்கு வீடு மாற்றவிருந்த ஒரு குடும்பத்தினர், பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் தொழில் செய்யும் ஒரு நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதிலே ஆறு வட்டப் படங்கள், ஆறு பெயர்கள், ஆறு பாராட்டுகள். பெயர்களுக்கு இனிஷியல் இல்லை, ஊர் இல்லை, தேதி இல்லை. பணியாளர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள் என்றும், சேவை மிக நேர்த்தி என்றும், எல்லோருக்கும் சிபாரிசு செய்வதாகவும் ஆறு பேரும் ஏறக்குறைய ஒரே குரலில் கூறியிருந்தார்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குச் சாமான் போயிற்று, எத்தனை நாளாயிற்று, ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் எந்த நிலையில் போய்ச் சேர்ந்தன, முதலில் சொன்ன தொகைக்கும் கடைசியில் கட்டிய தொகைக்கும் வித்தியாசம் உண்டா என்று, இந்தத் தொழிலில் ஒரு வாடிக்கையாளர் பேசாமல் இருக்கவே முடியாத விஷயங்களில் ஒன்றுகூட அங்கே தலைகாட்டவில்லை.

அந்த வீட்டுப் பெண், கல்லூரியில் படிப்பவள், ஒரு படத்தை எடுத்துப் படத்தாலேயே தேடும் வசதியில் இட்டாள். அதே முகம் வெளிநாட்டுப் பல் மருத்துவமனை ஒன்றின் பக்கத்தில் வேறு பெயரோடும், விலைக்குப் படம் விற்கும் ஒரு தளத்தில் பெயரே இல்லாமலும் இருந்தது. பிறகு ஒரு பாராட்டின் வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடியபோது, அட்சரம் பிசகாமல் அதே வாக்கியம் கொசுவலை அடிக்கும் ஒரு நிறுவனத்தின் பக்கத்திலும் கிடைத்தது. 25 ஆண்டு அனுபவம் என்று முகப்பில் பெரிதாகப் போட்டிருந்த அந்த நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணை அரசாங்கத் தளத்தில் இட்டுப் பார்த்ததில் பதிவுத் தேதி மிக அண்மையதாக இருந்தது. (இங்கே ஒரு எச்சரிக்கை. ஜிஎஸ்டி முறையே 1-7-2017 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஆதலால் ஐம்பது ஆண்டுப் பழைய கடைக்கும் அதற்கு முந்திய தேதி இராது. பதிவுத் தேதி தனித்து எதையும் நிரூபிப்பதில்லை. மற்றச் செய்திகளோடு சேர்த்தே அதை நிறுக்க வேண்டும்.)

கடைசியில் அவளுடைய தகப்பனார் அந்த நிறுவனத்துக்கே போன் செய்து, இந்த ஆறு பேரில் சம்மதிக்கிற யாராவது ஒருவரோடு பேச முடியுமா என்று பணிவாகக் கேட்டார். மறுமுனையில் இருந்தவர் சிறிதும் தயங்காமல், “அதெல்லாம் வெப்சைட் பண்ணிக் குடுத்தவரே போட்டதுங்க சார், நாங்க எதுவும் எழுதலைங்க” என்றார். அந்தக் குரலில் வஞ்சகம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தளம் அமைப்பவர்கள் தயாராக வைத்திருக்கும் அச்சுக்களில் மாதிரிப் பாராட்டுகளும் மாதிரி முகங்களும் சேர்ந்தே வருகின்றன; சொந்தக்காரர் அவற்றை நீக்குவதில்லை; வாங்குகிறவர் அவற்றை நம்பி முன்பணம் அனுப்புகிறார். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணமே ஒருவருக்கும் இல்லாமல் ஒரு பொய் இப்படி வருஷக்கணக்கில் ஊரெல்லாம் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்தக் குடும்பத்தினர் வேறொரு நிறுவனத்திடம் இதே கேள்வியைக் கேட்டபோது, அவர்கள் ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு, முன்பு சாமான் அனுப்பிய ஒருவரின் சம்மதம் பெற்று அவரோடு பேச ஏற்பாடு செய்தார்கள். அவர் பாராட்டவும் செய்தார், குறையும் சொன்னார்: பீரோக் கண்ணாடி விரிசல் விட்டதாம், ஏற்றும்போதே படம் பிடித்து வைத்திருந்ததால் இழப்பீடு கிடைத்ததாம், ஆனால் கைக்கு வர ஒன்றரை மாதம் ஆயிற்றாம். லாரி ரசீதில் ஒவ்வொரு சாமானையும் எழுதி வாங்காமல் விட்டுவிடாதீர்கள் என்று புத்திமதியும் சொன்னார். நிறுவனமே காட்டிய ஆள் என்பதால் அவர் சொல்லையும் ஒரு படி குறைத்தே மதிக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் மறுகேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒரு மனிதரின் கலப்பான அபிப்பிராயம், முகமற்ற ஆறு பேரின் ஏகமனதான புகழ்ச்சியைவிட அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவோ உபயோகமாயிற்று.

நிறுவனத்தின் சொந்தத் தளத்திற்கென்று ஒரு விசேஷ சுபாவம் உண்டு. அதை நீங்கள் ஆழ்ந்து கவனிக்க வேண்டும். அங்கே பேசுகிறவர் வாடிக்கையாளராக இருந்தாலும் வாசலில் நிற்பவர் வியாபாரி. யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்பது அவர் கையில் இருக்கிறது. ஃபேஷன் நோவா என்ற அமெரிக்கத் துணி விற்பனை நிறுவனம், 2015-இன் இறுதியிலிருந்து 2019 நவம்பர் வரை, நான்கும் ஐந்தும் நட்சத்திரமிட்ட கருத்துரைகளைத் தானாகவே வெளியாகும்படி விட்டுவிட்டு, அதற்குக் குறைந்த மதிப்பெண் இட்ட லட்சக்கணக்கான கருத்துரைகளை வெளியிடாமல் நிறுத்தி வைத்தது என்று அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றஞ்சாட்டியது. 2022 ஜனவரியில் 42 லட்சம் டாலர் கட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. இங்கே வெளியான ஒவ்வொரு வாக்கியமும் உண்மையான வாடிக்கையாளர் எழுதிய உண்மையான வாக்கியமாக இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தப் பக்கம் முழுவதுமாகப் பார்க்கும்போது பொய் பேசிற்று. ஆகவே தனித்தனிக் கருத்துரைகளை ஆராய்வதோடு நில்லாமல், இந்தப் பக்கத்தில் குறை சொல்கிறவருக்கு இடம் இருக்கிறதா, வாங்கிய எவரும் எழுதலாமா அல்லது நிறுவனம் அழைத்தவர் மட்டுமா, எழுதியதைத் திருத்தவோ நீக்கவோ யாருக்கு அதிகாரம் என்றெல்லாம் கேட்டாக வேண்டும். இரண்டு நட்சத்திரக் கருத்துரை ஒன்றும் அதன் கீழே நிறுவனத்தின் பொறுப்பான பதிலும் இருக்கும் பக்கம், குறையே இல்லாத பக்கத்தைவிட நம்பத்தக்கது.

‘சரிபார்க்கப்பட்ட கொள்முதல்’ என்று பச்சைக் குறியோடு வரும் முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய சந்தைத் தளங்களில் அதற்கு ஓரளவு பொருள் உண்டு: அந்தக் கணக்கிலிருந்து ஒரு ஆர்டர் போயிருக்கிறது என்ற மட்டும். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ, அது வெறும் படமாகவும் இருக்கலாம். வெளியார் தளமொன்றின் சின்னத்தையும் 4.9 என்ற மதிப்பெண்ணையும் காட்டினால் அதைத் தொட்டுப் பாருங்கள். தொட்டவுடன் அந்த வெளியார் தளத்தில், இதே நிறுவனத்தின் பெயரில், இதே மதிப்பெண் உள்ள பக்கம் திறந்தால் சரிபார்க்க வழியிருக்கிறது என்று கொள்ளலாம்; ஒன்றும் திறக்காவிட்டால் அது சுவரில் ஒட்டிய சித்திரம்.

சட்டம் இதைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. 2020 ஜூலையில் நம் நாட்டில் வெளியான நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், சந்தைத் தளத்தில் விற்பவரும் சரி, தன் சரக்கைத் தானே இணையத்தில் விற்கும் நிறுவனமும் சரி, நுகர்வோர் போல் வேடமிட்டுக் கருத்துரை எழுதலாகாது என்று தடுத்திருக்கின்றன. 2022 நவம்பரில் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 19000:2022 என்ற தரம் வெளிவந்தது. கருத்துரைகளைச் சேகரிப்பது, பரிசீலிப்பது, பிரசுரிப்பது என்ற மூன்று கட்டங்களுக்கும் அது நெறி வகுக்கிறது. எழுதுகிறவர் மெய்யான ஆள்தானா என்பதை மின்னஞ்சல், தொலைபேசி, குறுஞ்செய்தி முதலிய வழிகளில் உறுதி செய்யச் சொல்கிறது. விலைக்கு வாங்கியவையும் அதற்கென்றே அமர்த்தப்பட்டவர் எழுதியவையுமான கருத்துரைகளைப் பிரசுரிக்கலாகாது என்கிறது. சந்தைத் தளங்களுக்கு மட்டுமன்றி, தன் வாடிக்கையாளரிடம் தானே கருத்துப் பெற்று வெளியிடும் நிறுவனத்துக்கும் அது பொருந்தும். விரும்புவோர் ஏற்கும் தரமாகவே அது வெளிவந்தது என்பது அதன் பலவீனம். ஆனால் கேள்வி கேட்க விரும்பும் மாணவனுக்கு அது ஒரு நல்ல ஊன்றுகோல். ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2022 மே 28 முதல், கருத்துரைகளை வெளியிடும் வியாபாரி, அவை உண்மையாக வாங்கியவர்கள் எழுதியவையா என்பதை உறுதிசெய்கிறாரா, எவ்வாறு உறுதிசெய்கிறார் என்பதை வாங்குவோருக்குத் தெரிவித்தே தீரவேண்டும். அவ்வாண்டு ஜனவரியில் வெளியான முடிவுகளின்படி, அங்கே அதிகாரிகள் பரிசோதித்த 223 தளங்களில் 144 தளங்கள், கருத்துரைகளின் மெய்மைக்குப் போதிய ஏற்பாடு செய்திருப்பதாக உறுதிகொள்ள முடியாத நிலையில் இருந்தன.

இனி, மாணவர்களாகிய உங்களை நேரடியாகப் பாதிக்கும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதும்போது என் மனம் மிகவும் கனக்கிறது. போலிக் கருத்துரைகளை எழுதுவதற்கு ஆள் வேண்டும்; அந்த ஆள்களைத் தேடுகிறவர்களின் கண் உங்கள் வயதினர் மீதுதான் விழுகிறது. பொருளோடு வரும் சிறு அட்டையில், ஐந்து நட்சத்திரம் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் நூறு ரூபாய் கேஷ்பேக் என்று இருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பகுதிநேர வேலை என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் அழைப்பு இன்னும் கொடியது. பார்த்தறியாத ஓட்டலுக்கும் கடைக்கும் நட்சத்திரம் இடச் சொல்லி, முதலில் ஐம்பதும் நூறுமாகக் கணக்கில் போடுவார்கள். நம்பிக்கை பிறந்ததும், அதிக வருமானம் தரும் ‘டாஸ்க்’ என்று சொல்லி முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய பணத்தை எடுக்க மேலும் கட்டச் சொல்வார்கள். வீட்டார் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த தொகை முழுவதும் போன பிறகு எண் அணைந்துவிடும். இப்படிப் பணத்தை இழந்தவர் வெட்கத்தால் வாய் மூடிக்கொள்வதைப்போல் விபரீதம் வேறில்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைத்தால், பணம் கைமாறிப் போவதற்கு முன் தடுக்க வாய்ப்பு உண்டு. உங்கள் மன்ற அறிவிப்புப் பலகையில் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள் என்று ஆசிரியர்களை மிகவும் வேண்டிக்கொள்கிறேன். பணம் பறிபோகாமல் தப்பியவருக்கும் ஒன்று சொல்வேன்: நீங்கள் ஐம்பது ரூபாய்க்கு இட்ட நட்சத்திரத்தை நம்பி எங்கோ ஒரு குடும்பம் தன் சேமிப்பை யாரிடமோ ஒப்படைக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, சிறு வியாபாரிகளுக்கு நியாயம் செய்யவும் கடமைப்பட்டிருக்கிறேன். உங்கள் தெருவில் நாணயமாகத் தொழில் செய்யும் ஒருவர், உண்மையான வாடிக்கையாளர் வாயாரச் சொன்னதை எழுதிப் போட்டிருப்பார்; தேதி போட வேண்டும், சம்மதம் வாங்க வேண்டும், பில் எண்ணைத் தம் குறிப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவருடைய பக்கமும் சோதனையில் தேறாது. அதனால் அவர் பொய்யர் ஆகிவிடமாட்டார். முழுப் பெயரும் தொலைபேசி எண்ணும் வெளியிடாததையும் குற்றமாக எண்ணாதீர்கள். வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைக் காப்பதும் கடமைதானே. பெயரின் முதல் எழுத்தும், ஊரும், மாதமும், செய்த வேலையின் விவரமும் பக்கத்தில் இருந்து, இவை எவ்வாறு பெறப்பட்டன என்று இரண்டு வரி விளக்கமும் இருந்து, கேட்டால் காட்டத்தக்க பதிவு கடையில் இருந்தால் அதுவே போதுமானது. பழைய தமிழ்ப் பத்திரிகைகளின் மருந்து விளம்பரங்களில்கூட நற்சான்று அளித்தவரின் பெயரும் ஊரும் உத்தியோகமும் அச்சாகும். சந்தேகமுள்ளவர் ஒரு கார்டு எழுதிக் கேட்கலாம் என்ற வாசல் அங்கே திறந்திருந்தது.

உங்கள் மன்றம் இந்தப் பருவத்தில் செய்யத்தக்க காரியம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஊரிலோ மாவட்டத்திலோ தொழில் செய்யும் பத்து நிறுவனங்களின் தளங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இருவர் இருவராகப் பிரிந்து, கருத்துரைப் பக்கங்களைப் படமாகத் தேதியுடன் சேமித்துக்கொண்டு, மேலே சொன்னபடி பெயரையும் தேதியையும் படத்தையும் வாக்கியத்தையும் முத்திரையையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு ஆசிரியரின் கையெழுத்தோடு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதி, இந்தக் கருத்துரைகளை எப்படித் திரட்டினீர்கள், எழுதியவர் வாங்கியவர்தான் என்று எப்படி உறுதி செய்தீர்கள், குறை கூறும் கருத்துரைகளை வெளியிடுகிறீர்களா, ஐஎஸ் 19000 தரத்தைப் பின்பற்றுகிறீர்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் எழுதுகிறவருக்கு நன்றி எழுதுங்கள். மாதிரிப் பாராட்டுகளை அறியாமல் விட்டுவைத்தவருக்கு அதை நீக்க உதவுங்கள். நுகர்வோர் வேடத்தில் நிறுவனத்தாரே எழுதியிருக்கிறார்கள் என்பதற்குக் கையில் ஆதாரம் கிடைத்தால் மட்டும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குத் தெரிவியுங்கள். மன்றத்தின் அறிக்கையில் ‘போலி’ என்ற சொல்லை ஆதாரமின்றி ஓரிடத்திலும் எழுதாதீர்கள். ‘சரிபார்க்க வழியில்லை’ என்று எழுதுங்கள், எதைப் பார்த்தபின் அவ்வாறு எழுதினீர்கள் என்பதையும் அதன் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஒரு நுகர்வோர் ஊழியன்